பதினேழுக்கு ஆறு

அக்டோபர் 28
காய்ச்சல் விட்டு ஒன்பது நாள். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. காலையில் பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்கவே கால் மணி நேரம்.

அக்டோபர் 30
டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் மாடல் மேசைமேல் மூக்கில்லாமல் நிற்கிறது. அசலில் கால் பங்கு. மேல் இறக்கை மட்டும் இரண்டேகால் மீட்டர். எஞ்சின்தான் முடிவாகவில்லை. மெத்தனாலில் ஓடும் 4 ஸ்ட்ரோக்கா, 20 சிசி பெட்ரோல் 2 ஸ்ட்ரோக்கா? மனசு 4 ஸ்ட்ரோக் பக்கம்தான். அந்த நிதானமான சத்தம் இரட்டை இறக்கைக்கு அவ்வளவு பொருந்தும். ஆனால் இங்கே உரிமம் இல்லாமல் மெத்தனால் வாங்க முடியாது. கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 1
மழை. மணிக்கட்டு வலி.

நவம்பர் 2
ராத்திரி முழுக்க இதே யோசனை. அசலில் இருந்த ஜிப்ஸி மேஜர் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டரும் கீழ்நோக்கித் தொங்கும். அந்த முகம் வேண்டுமென்றால் என் எஞ்சினையும் தலைகீழாகத்தான் மாட்ட வேண்டும். மெத்தனால் எஞ்சினில் டேங்க் கொஞ்சம் உயர்ந்தாலும் எரிபொருள் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும். கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரை வைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டருக்குள்ளேயே பம்ப் இருக்கிறது, டேங்கின் உயரம் அவ்வளவு தொந்தரவில்லை. பங்க்கில் பெட்ரோல் வாங்கி 2டி ஆயில் கலந்தால் போதும். எடை கூடத்தான். டைகர் மாத்துக்கு மூக்கு குட்டை. எப்படியும் முன்னால் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். அந்த எடை எஞ்சினாகவே இருக்கட்டுமே.

சரி, பெட்ரோல்.

ஆனால் புரொப்பெல்லரைச் சுண்டிவிடும்போது அது திருப்பி அடித்தால்? இந்த விரல்களோடு?

நவம்பர் 3
அக்கா போனில், "முதல்ல கஞ்சியக் குடிடா, ஏரோப்ளேன் எங்கயும் போயிடாது" என்றாள். குடித்தேன்.

நவம்பர் 5
புரொப்பெல்லர் 16க்கு 8ஆ, 17க்கு 6ஆ? முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 16க்கு 8 காகிதத்தில் மணிக்கு 91 கிலோமீட்டர் தருகிறது, 17க்கு 6 தருவது 69. இரண்டு இறக்கை, நடுவில் தூண்கள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள். காற்று இத்தனையில் மோதும்போது இந்த விமானம் 91ஐ எட்டவே எட்டாது. நிறையக் காற்றைப் பிடித்து மெதுவாகத் தள்ளும் பெரிய விட்டம்தான் இதற்குச் சரி. கால் பங்கு மாடல் அசலின் பாதி வேகத்தில் போனால்தான் கண்ணுக்கு அசலாகத் தெரியும். அசல் நிதானமாகப் பறப்பதே 108 கிலோமீட்டரில். அதில் பாதி 54. 69 தாராளம்.

17க்கு 6.

நவம்பர் 7
மரப் புரொப்பெல்லர் வந்துவிட்டது. இரண்டு அலகும் (பிளேடும்) ஒரே எடையா என்று பார்க்க, நடுத்துளையில் கம்பியைச் செருகிப் படுக்கையாக வைத்தேன். ஒரு அலகு அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது. மேலே போன அலகின் நுனிக்குப் பக்கத்தில் வார்னிஷ் ஒரு பூச்சு. பிரஷ்ஷை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகித்தான் பூச முடிந்தது. காயவிட்டு இன்னொரு பூச்சு. மூன்றாவது பூச்சு காய்ந்ததும் எப்படி வைத்தாலும் வைத்த இடத்திலேயே நின்றது.

கட்டைவிரல் இன்று கொஞ்சம் மடங்கியது.

நவம்பர் 8
வாலைத் தூக்கிப் பிடித்து அளந்தேன். அலகு நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. புல் தரைக்கு இது போதுமா?

நவம்பர் 9
போதாதோ?

நவம்பர் 11
எஞ்சின் வந்துவிட்டது. பெட்டியைச் சுற்றி அகல டேப். நகத்தால் உரித்துப் பார்த்தேன், முடியவில்லை. தம்பி நாலு மணிக்கு வருகிறானாம்.