14-ஆ, 16-ஆ? கடைக்கு ஒரு ஏ4 தாளை எடுத்துப் போங்கள்

லேப்டாப் வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பதினாலா சார், பதினஞ்சா?" இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அது சொல்லாது. பெரும்பாலான திரைகள் 16:9 வடிவத்தில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) வந்த வரை இதனால் தொந்தரவு இல்லை. இப்போது வரும் மாடல்களில் நடுத்தர விலையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் 16:10 தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுபோனதால் பழைய 15.6 இன்ச் மெஷினை மாற்றக் கிளம்பியவர்கள் பலர். அவர்கள் பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு புதிய 14-ஐயும் 16-ஐயும் எடைபோடுகிறார்கள். கணக்கு அங்கேயே தப்புகிறது.

செ.மீ.யில் மாற்றிப் பாருங்கள். பழைய 15.6 (16:9) திரை 34.5 அகலம், 19.4 உயரம். புதிய 14 (16:10) திரை 30.2 அகலம், 18.8 உயரம். அதாவது 15.6-இலிருந்து 14-க்கு இறங்கினால் போவது நாலு செ.மீ. அகலம், உயரத்தில் அரை செ.மீ. மட்டும். கடிதம், மின்னஞ்சல், புரோகிராம் கோடு, பி.டி.எஃப். எல்லாம் மேலிருந்து கீழே படிப்பவை. இவற்றுக்கு 14 இன்ச் நினைப்பது போல் "சின்னது" இல்லை. புதிய 16 (16:10) திரையின் அகலமும் 34.5 தான். பழைய 15.6-க்கும் இதற்கும் அகலத்தில் வித்தியாசமே இல்லை, உயரம்தான் 21.5 ஆகக் கூடியிருக்கிறது. "பதினாறா, ஐயோ பெருசு" என்று ஒதுங்குபவர்கள் இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததும் ஏறக்குறைய அதே அகலம்தான். நடுவில் 15.3 என்று ஒன்று வருகிறது: 33 அகலம், 20.6 உயரம். என் கணிப்பில் வீட்டு உபயோகத்துக்கு 15.6 இருந்த இடத்தை மெல்ல மெல்ல இதுதான் பிடிக்கும்.

எண்கள் குழப்பினால் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதன் அளவு 29.7-க்கு 21 செ.மீ. படுக்கை வாட்டில் திரை மேல் வையுங்கள். 14-இல் அகலம் சரியாக உட்காரும், உயரத்தில் இரண்டு செ.மீ. வெளியே நீட்டும். 16-இல் முழுத் தாளும் அடங்கி, பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஐந்து செ.மீ. மிச்சம் இருக்கும். நீங்கள் நாள் முழுக்கப் பார்ப்பது ஒரு ஆவணமா, பக்கத்தில் பக்கமாக இரண்டா என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

இதோடு முடியவில்லை. திரையில் எவ்வளவு தெரியும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் படத்தையும் எத்தனை சதவீதம் பெரிதாக்கிக் காட்டுவது என்ற செட்டிங். 14 இன்ச்சில் 1920×1200 பிக்சல் என்றால் ஒரு இன்ச்சுக்கு 162 பிக்சல். எழுத்து மிகச் சிறிதாகிவிடும் என்பதால் விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே 150% வைத்துவிடும். அப்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1280×800 அளவுதான். கடையில் பார்க்கும்போது "எல்லாம் பெருசு பெருசா இருக்கே, ஒண்ணும் கொள்ளலையே" என்று தோன்றுவது இதனால்தான்; குற்றம் திரை அளவின் மேல் இல்லை. டிஸ்பிளே செட்டிங்கில் 125%-க்கு இறக்கினால் 1536×960 ஆகும். கண் நன்றாக இருப்பவர்களுக்கு அதுவே சரி. 16 இன்ச்சில் அதே 1920×1200 என்றால் இன்ச்சுக்கு 141 பிக்சல், 100%-இலேயே ஓட்டலாம். எக்செல் வரிசை ஒன்றுக்கு இயல்பாக 20 பிக்சல். பழைய 1080 திரையைவிட 1200 திரையில் ஆறு வரிசை கூடுதல். கேட்க அற்பம், ஸ்க்ரோல் செய்து செய்து விரல் தேய்ந்தவர்களுக்கு அற்பம் இல்லை.

தமிழில் எழுதிப் படிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் நுணுக்கம் அதிகம். கி, கீ வித்தியாசம் ஒரு சுழியில் இருக்கிறது. புள்ளி காணாமல் போனால் 'ல்' 'ல' ஆகிவிடும். இன்ச்சுக்கு 141 பிக்சலில், 100% ஸ்கேலிங்கில், சிறிய எழுத்தில் அந்தப் புள்ளி மங்கலாகத்தான் தெரியும். பிழை திருத்தம், மொழிபெயர்ப்பு, டி.டி.பி. வேலை செய்பவர்கள் 16 இன்ச் எடுத்தால் 2560×1600, 14 எடுத்தால் 2880×1800 திரையைத் தேடலாம். கடை மெஷினில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில் பத்து வரி படித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஆடிட்டர் அலுவலகம், ஜி.எஸ்.டி. கணக்கு, டேலி என்று எண்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு வேறு நியாயம். அவர்களுக்குத் தனி நம்பர் பேட் வேண்டும். 14 இன்ச் உடலில் அதற்கு இடமே கிடையாது, 15.3-க்கு மேல் பல மாடல்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. நம்பர் பேட் வந்தால் எழுத்து விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் ஒதுங்கும். உடம்பைச் சற்றே கோணலாக வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டிவரும். எண்ணே அடிக்காதவருக்கு அது வீண் தண்டனை. மாதத்தில் நாலு நாள் மட்டும் கணக்கு வேலை என்றால் 14 இன்ச்சோடு ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் போதும்.

எடைக்கு வருவோம். பொதுவாக 14 இன்ச் மெஷின் 1.3 முதல் 1.5 கிலோ, 16 இன்ச் 1.8 முதல் 2 கிலோ. எல்ஜி கிராம் 16 போல 1.2 கிலோவுக்குள் வரும் விதிவிலக்குகள் உண்டு, விலை கையைக் கடிக்கும். 13.6 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோ, 15.3 இன்ச் ஏர் 1.51 கிலோ. சார்ஜருக்கும் வயருக்கும் இன்னொரு 300 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் நின்றுகொண்டு பையை நெஞ்சோடு அணைத்துப் போகிறவருக்கும், பைக்கில் ஓ.எம்.ஆரில் முக்கால் மணி நேரம் பையை முதுகில் மாட்டிப் போகிறவருக்கும் அரை கிலோ என்பது தோள்பட்டையில் தெரியும். காரில் போய் அலுவலக மேசையில் வைப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, 16 எடுக்கட்டும். வந்தே பாரத்தில் கோவைக்குப் போகும்போது வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 16 இன்ச் மெஷினின் மூடி சுமார் 25 செ.மீ. உயரம். முன் இருக்கைக்காரர் சாய்ந்தால் மூடியை முழுதாகத் திறக்க முடியாது. பை வாங்கும்போது லேப்டாப் அறையின் அடிப்பகுதி பையின் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பைக்கு அடியில் தேங்கும் தண்ணீர்தான் முதலில் மெஷினைத் தொடும்.

சென்னை வெயிலை ஸ்பெக் ஷீட் எழுதுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குக் குறிப்பிடும் இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி. கத்திரி வெயிலில், ஏ.சி. போடாத மாடி அறை அந்த 35-ஐ மத்தியானத்திலேயே தாண்டிவிடும். ஃபேன் இல்லாத மேக்புக் ஏரும் மிக மெல்லிய 13, 14 இன்ச் மெஷின்களும் அப்போது தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். வீடியோ எடிட்டிங் போல அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பாரம் ஏற்றுகிறவர்களுக்கு 16 இன்ச்சின் உண்மையான லாபம் இங்கே இருக்கிறது: பெரிய உடல், பெரிய ஃபேன், காற்று போக இடம். காற்றை உள்ளிழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடியில் இருப்பதால் மெத்தை மேல் வைத்தால் எந்த அளவும் தோற்கும். பேட்டரியை 100%-இலேயே நாள் முழுக்கச் செருகி, சூட்டிலும் வைத்தால் சீக்கிரம் மூப்படையும். அந்தந்த நிறுவனத்தின் ஆப்பில் பெரும்பாலும் 80% வரம்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டோ, அழுத்தினால் இறங்காமலோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மலிவான 15.6 மெஷின்களில் அடிக்கடி உடைவது ஹிஞ்ச், அதாவது மூடியைத் தாங்கும் கீல். மூடி அகலம், பிளாஸ்டிக், ஹிஞ்ச் விறைப்பு. ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கத் திறக்க, மூடி முறுக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைத் திருகுக் குமிழ் பிய்த்துக்கொண்டு வரும். அந்த ரகம்தான் வாங்க முடியும் என்றால், நடுவில் பிடித்துத் திறக்கப் பழகுங்கள்.

இனி வரப்போகும் மாடல்களிடம் என்ன எதிர்பார்க்கலாம்? மக்கள் கேட்பது: 14 இன்ச், 1.2 கிலோ, நாள் முழுக்க பேட்டரி, 32 ஜிபி ரேம், பிற்பாடு மாற்றும் வசதி, எல்லாம் அறுபதாயிரத்துக்குள். முதல் மூன்றும் வந்துகொண்டிருக்கின்றன. 2026 ஜனவரியில் வெளியான இன்டெல்லின் பேந்தர் லேக், குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ்2, ஏஎம்டியின் ரைசன் ஏஐ வரிசை ஆகிய சிப்புகள் எல்லாம் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கவே முனைகின்றன. பேட்டரி நேரத்தை விளம்பரத்தில் பார்க்காமல் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்: 60 வாட்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, மெஷின் சராசரியாக 8 வாட் குடித்தால் ஏழரை மணி நேரம். 16 இன்ச் திரையின் பரப்பு 14-ஐவிட 30% அதிகம், அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் கேட்கும். அதனால் 16 எடுப்பவர்கள் 70 வாட்-ஹவருக்குக் குறைந்தால் யோசிக்கவும். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 தான் எல்லை. பெரிய மெஷின்கள் 99-இல் நிற்பதன் ரகசியம் அதுதான்.

கடைசி மூன்று ஆசைகள் சந்தேகம். ரேம் விலை 2025 இறுதியில் ஏறத் தொடங்கியது. ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்; மெமரி தயாரிப்பாளர் மைக்ரான், கடைகளில் ரேம் விற்கும் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தை மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. "அடுத்த மாடல் வந்தால் இது விலை இறங்கும்" என்ற நம் வழக்கமான கணக்கு இப்போது ரேம் விஷயத்தில் பலிக்காது. 8 ஜிபி மாடல்கள் மறுபடி தலைகாட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஏஐ வசதி கொண்ட லேப்டாப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கோபைலட் பிளஸ் முத்திரைக்கு 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு, விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் என்பியூ (ஏஐ வேலைக்கான தனிப் பகுதி) கட்டாயம். அந்த என்பியூவால் நமக்கு இன்றைக்கு ஆகும் பயன் கொஞ்சம்தான். 16 ஜிபிக்கு உத்தரவாதம் என்ற அளவில் முத்திரையை மதிக்கலாம். மெல்லிய 14 இன்ச்சில் ரேம் போர்டிலேயே ஒட்டி வரும், ரிச்சி தெருவில் எந்த மேசைக்குப் போனாலும் கூட்ட முடியாது. பெரும்பாலும் 15.3, 16 இன்ச்சின் விலை குறைந்த மாடல்களில்தான் ரேம் செருகும் ஸ்லாட் இன்னும் உயிரோடு இருக்கிறது. "ஒரு ஸ்லாட் காலியா?" என்று கேட்காமல் பில் போடாதீர்கள். ஒற்றை 8 ஜிபி குச்சி மட்டும் இருந்தால் மெமரி ஒரே பாதையில் ஓடி, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் திணறும்.

ஸ்னாப்டிராகன் மெஷின்கள் பேட்டரியில் அசத்துகின்றன. ஆனால் இவை இன்டெல், ஏஎம்டி சிப்புகளிலிருந்து வேறான ஆர்ம் வகை. பழைய மென்பொருளை மொழிமாற்றி ஓட்டும் வித்தை, சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவருக்குச் செல்லாது; டிரைவர் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கன், பழைய பில் பிரிண்டர், கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள், அந்தச் சாதனத்துக்கு ஆர்ம்64 டிரைவர் உண்டா என்று அதைத் தயாரித்தவரிடம் கேட்டுவிட்டு வாங்கவும்.

ஒரு நல்ல மாற்றம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புக்கு டைப்-சி சார்ஜிங் கட்டாயம். அதே மாடல்கள் இங்கேயும் வருவதால் உருண்டை முனை சார்ஜர்கள் ஒழியும். போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே 65 வாட் சார்ஜர் என்றால் பை இலேசாகும். ஒன்று மட்டும்: உலோக உடல் கொண்ட மெஷினை எர்த் இல்லாத இரண்டு முனை பிளக்கில் சார்ஜ் போட்டால் மணிக்கட்டில் விறுவிறுவென்று கூசும். சார்ஜரின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்டென்சர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் அது. பழைய பிளாட்டுகளில் எர்த் சரியில்லை என்றால் மூன்று முனை பிளக்கிலும் அப்படித்தான். மெஷினைத் திருப்பிக் கொடுக்க ஓடாமல் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

திரை வகையில் ஓஎல்இடி அழகுதான். ஆனால் காலை முதல் மாலை வரை டேலியும் டாஸ்க்பாரும் அசையாமல் நிற்கும் மெஷினுக்கு அது வேண்டாம், நிழல் பதியும். வழக்கமான எல்சிடி வகையான ஐபிஎஸ் எடுத்தால், பெட்டியில் நிற அளவு '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் வெளுத்த நிறம் என்று அர்த்தம். நிறத்துக்கு '100% எஸ்ஆர்ஜிபி', வெளிச்சத்துக்கு 300 நிட்ஸுக்கு மேல் பாருங்கள். ஜன்னலோரம் உட்காருபவருக்கு 400. கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் காட்டுவார். மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல் படிவரை வந்து, தெரு வெளிச்சத்தில் அந்த ஏ4 தாளைப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையையும் தாளின் வெள்ளையையும் ஒப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.