நாய் தோண்டிய குழியை மூடும் முன்

தோட்டத்தில் புதுக் குழியைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் பக்கத்தில் குத்தவைத்துப் பாருங்கள். குழி எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எவ்வளவு ஆழம், எந்த நேரத்தில் தோண்டியது? இந்த நாலும் தெரிந்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அது தெரியாமல் மூடினால் ஒரு அடி தள்ளி அடுத்த குழி வரும்.

பங்குனி தொடங்கி வெயில் தணியும்வரை நம் ஊர் நாய்கள் தோண்டுவதில் பெரும்பகுதி படுக்கைதான். ஆழம் முக்கால் அடிக்குள், நாய் சுருண்டு படுக்கும் அளவுக்கு நீள்வட்டம். சுவரோர நிழலிலோ, தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ, குழாயடி ஈரத்திலோ இருக்கும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மேல்மண்ணை நீக்கினால் அடிமண் குளிர்ச்சி. வயிற்றை அதில் வைத்துப் படுக்கிறது, அவ்வளவுதான். இதற்குத் திட்டுவது அநியாயம். மதிய வெயிலிலும் நிழல் விழும் இடமாகப் பார்த்து, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு நாடாக் கட்டில் போடுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும். பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று, கவிழாத மண்சட்டியில் தண்ணீர். தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைத்துவிட்டு ‘நிழல் இருக்கிறதே’ என்பதில் பயனில்லை, அது அடுப்பு.

குறுகலாக, ஆழமாக, ஒரே வரிசையில் நாலைந்து குழி; நாய் தலையை உள்ளே விட்டு முகர்கிறது; தோண்டுவது இரவில் அல்லது விடியலில். அப்படியானால் பெருச்சாளி அல்லது எலி. எருக்குழி ஓரமாக மட்டும் தோண்டினால், உள்ளே கொழுத்துக் கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழுவும் காரணமாக இருக்கலாம். டாக்ஸ்ஹண்ட், டெரியர் வகைகளிடம் இந்த ஆசையை ஒழிக்கவே முடியாது. பேட்ஜர் என்ற வளை விலங்கை மண்ணுக்குள் போய் விரட்டவே ஜெர்மனியில் டாக்ஸ்ஹண்டை வளர்த்தெடுத்தார்கள். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளையைக் கல்லும் சிமெண்டுக் கலவையும் வைத்து அடையுங்கள், சிந்திய சாப்பாட்டை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள். எலி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். புரோமடியோலோன் கட்டியைத் தின்ற நாய்க்குப் பல நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தெரியும். ஜிங்க் பாஸ்பைடுக்கு மாற்றுமருந்தே கிடையாது.

பலர் கோட்டைவிடுவது உரத்தில். செடி நட்ட மறுநாளே நாய் அதைப் பிடுங்கிப் போட்டால், செடி மேல் கோபம் என்று அர்த்தமில்லை. குழியில் போட்ட எலும்புத்தூள், ஊற்றிய மீன் அமிலம், புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் எல்லாமே நாய்க்கு விருந்து வாசனை. மண்புழு உரத்துக்கோ நன்றாக மக்கிய தொழுவுரத்துக்கோ மாறுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கை, குறிப்பாக எலும்புத்தூளோடு கலந்து, நாய் உள்ள வீட்டில் வைக்கவே கூடாது. சரியாகச் சூடாக்கிப் பதப்படுத்தாத புண்ணாக்கில் ரிசின் என்ற நஞ்சு தங்கியிருக்கும். தின்ற சில மணி நேரத்திலிருந்து வாந்தி, ரத்தபேதி வரலாம். தின்றதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், உரப் பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

வேலியடியில், கேட்டுக்குக் கீழே தோண்டினால் வெளியே போகப் பார்க்கிறது என்று பொருள். வெடிச் சத்தத்துக்குப் பயந்திருக்கலாம், அல்லது தெருவில் ஒரு பெட்டைக்குப் பருவம் வந்திருக்கலாம். கருத்தடை செய்தால் இரண்டாவது குறையும். வேலிக்கு 2 அடி அகலக் கம்பிவலையை நெடுக மடித்து, ஒரு அடியை வேலியோடு நிமிர்த்திக் கட்டி, மறு அடியை உள்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து 2 அங்குல மண் போடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டியதும் பின்னால் ஒரு அடி நகர்ந்து தோண்டலாம் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றாது. வெட்டிய கம்பி முனைகளை அடிப்பக்கம் மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதம் கிழியும்.

சினையாக இருக்கும் பெட்டை கடைசி வாரத்தில் தோண்டுவது குட்டி போட இடம் பார்த்து. மூலையில் பெட்டி வைத்து, கிழிந்த பருத்திப் புடவை போட்டால் முடிந்தது.

மிச்சம், சும்மா தோண்டும் இளநாய். தோட்டமெங்கும் கண்டபடி குழி, கிழிந்த குழாய், முகமெல்லாம் மண், ஆனந்தம். விடியலில் அரைமணி நடை, தட்டில் போடும் உணவில் பாதியைப் புல்லில் தூவித் தேடவிடுவது, இவற்றோடு தோண்டுவதற்கென்றே ஒரு குழியும் கொடுங்கள். லாப்ரடார் அளவு நாய்க்கு 5 அடிக்கு 4 அடி, ஆழம் ஒன்றரை அடி. மொத்தம் 30 கன அடி. தோண்டிய மண்ணில் பாதியைக் கல் பொறுக்கித் திருப்பிப் போட்டு, மீதிக்கு மணல் கலக்க வேண்டும். சிமெண்டுச் சாக்கில் 12 சாக்கு மணல் ஆகும். சுற்றி அரை அடி உயரத்துக்குச் செங்கல் வரிசை கட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே ஓடாது. இடம் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வெட்டினால் நாய் திரும்பியே பார்க்காது.

முதல் மூன்று நாள் அதற்குப் பிடித்த பொம்மையைப் பாதி தெரியும்படி புதையுங்கள். பிறகு 2 அங்குலம், அடுத்த வாரம் அரை அடி. வேறிடத்தில் கால் வைக்கும்போதே “வா” என்று கூப்பிட்டு இங்கே கொண்டுவாருங்கள். தோண்டி முடித்த குழிக்கு இழுத்துப்போய் மூக்கைத் தேய்ப்பதில் பயனில்லை. போன காரியத்துக்கும் இந்தத் தண்டனைக்கும் அது முடிச்சுப் போடாது, உங்களைக் கண்டால் பதுங்கப் பழகும். மிளகாய்த்தூள் தூவுவது வெறும் கொடுமை. ஒரே வாரத்தில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் புதைப்பதை நிறுத்தியவர்கள்தான். வெறும் மணலில் நாய்க்கு என்ன இருக்கிறது?

இரவில் குழியைத் தார்ப்பாயால் மூடுங்கள், இல்லாவிட்டால் பூனைகள் கழிப்பறையாக்கிவிடும். ஈர மணலில் மலம் கிடந்தால் கொக்கிப்புழு பரவும். குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள். நகம் பிளந்திருக்கிறதா, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். தோண்டுவதோடு மண்ணை அள்ளித் தின்னவும் செய்தால் அது வேறு கதை. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.