முழங்காலும் நெடுந்தீவும்

நாளை காலை குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போவதாக இருந்தோம். சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய், பவளக்கல் மதில்களுக்கு நடுவே ஓடித் திரிந்து குதிரைகளைப் பார்ப்பதுதான் திட்டம்.

நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் பாசி வழுக்கியது. கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. இரவாக முன்னம் முழங்கால் பனங்காய் மாதிரி. அம்மம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு உருவிவிட வந்தார். “ஐயோ, ரெண்டு நாளைக்கு உருவக் கூடாதணை” என்று கெஞ்சித் தப்பினேன். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி 15 நிமிடம், காலுக்குக் கீழே இரண்டு தலையணை. எலும்பு உடையவில்லையாம், தசைநார்தான் இழுபட்டிருக்கிறது என்றார் டொக்டர்.

கூட்டாளிகள் நான் இல்லாமலே போகிறார்கள். சரி, போகட்டும். குதிரைப் படம் ஒன்றுகூட அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சைக்கிளுக்கு முந்தநாள்தான் புது டியூப் போட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல்.