தண்ணிக் கோட்டுக்குக் கீழே: ஒரு இம்பல்ஸ் நாட்குறிப்பு

ஜனவரி 13, 2025, திங்கள் (போகி)

தெருவில் கொளுத்திய பழம்பாய்களின் புகை இன்னும் அடங்கவில்லை. அதற்குள் எங்கள் வாசலில் ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி, வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய ஹீரோ இம்பல்ஸ் பைக். செயின் துருவேறி ஒரே இரும்புத் துண்டாகிவிட்டதால் பின் சக்கரம் உருளவில்லை. நாலு பேர் தூக்கித்தான் இறக்கினோம். அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள்.

"ஊரே பழசைக் கழிக்குது. நீ காசு குடுத்துப் பழசை வாங்கிட்டு வர்ற."

பதில் சொல்லவில்லை. வண்டிக்கு 6,000, குட்டி யானைக்கு 700. இதைச் சொல்லியிருந்தால் பேச்சு நீளும்.

வண்டி, சென்னைப் புறநகர் முடிச்சூரில் இருக்கும் மாமா வீட்டினுடையது. மாமா பையன் 2012-இல் வாங்கியது. ஹோண்டாவிடமிருந்து பிரிந்த கையோடு, 2011 கடைசியில் ஹீரோ விட்ட 150 சிசி வண்டி. உயரமான ஹேண்டில், முன்னால் 19 அங்குல சக்கரம், தூக்கி வைத்த சைலன்சர். மண் ரோட்டுக்கென்றே செய்தது. அப்போது நம்மூரில் அதிகம் பேர் வாங்கவில்லை, சில வருடத்தில் நிறுத்தியும்விட்டார்கள். 2015 வெள்ளத்தில் மாமா பையன் இதை மாடிப்படி வழியாக மேலே ஏற்றிக் காப்பாற்றினான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவன் தோஹாவில். மாமாவுக்கு எழுபது வயது. யார் தூக்குவது? தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே படிக்கட்டுக்கடியில் நின்றது.

மொத்தம் 25,000-க்குள் முடிக்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது அந்தக் கோடு. வண்டி முழுக்க, காய்ந்த சேற்றால் யாரோ ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. ஆனால் இடப்பக்கம் டேங்க்கின் அடி விளிம்பு வரை இருக்கிறது, வலப்பக்கம் நாலு விரற்கடை கீழே. கொஞ்ச நேரம் புரியவில்லை. சைட் ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. தண்ணீர் சாயவில்லை, வண்டிதான் சாய்ந்திருக்கிறது.

ஜனவரி 15, புதன் (மாட்டுப் பொங்கல்)

கை பரபரத்தது, ஆனாலும் கிக்கரைத் தொடவில்லை. நீரில் மூழ்கிய என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று, அடுத்து ஆயிலை இறக்கு.

அடியில் பழைய இட்லிப் பாத்திரத்தை வைத்து டிரெய்ன் போல்ட்டைத் திருகினேன். முதலில் தண்ணீர் கொட்டியது. ஒரு டம்ளருக்கு மேல் இருக்கும். அதன்பின் கறுப்பாக ஆயில். இரண்டும் கலக்காமல் தனித்தனியாக வந்ததைப் பார்த்து உண்மையாகவே சிரித்தேன். யாராவது ஸ்டார்ட் செய்ய முயன்றிருந்தால் பால் டீ நிறத்தில் வந்திருக்கும். மாமா யாரையும் கை வைக்க விடவில்லை.

என்ஜின் ஜாம். பிளக் ஓட்டை வழியாக டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதி ஊற்றி மூடிவைத்தேன். நாலு நாள் ஊறட்டும்.

இட்லிப் பாத்திர விஷயம் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

துரு செயினை கட்டர் வைத்து அறுத்து, மாமாவின் பழைய சாமானில் கிடந்த வேறொரு செயினைத் தற்காலிகமாகப் போட்டேன். டாப் கியரில் வைத்துப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினேன். சுத்தியல் இல்லை, இரும்புக்குழாய் இல்லை, ஆட்டம் மட்டும். முக்கால் மணி நேரம். திடீரென்று "கடக்". பிஸ்டன் ஒரு விரல் இறங்கியது.

தெரு மெக்கானிக் பாய் வந்து ஹெட்டைக் கழற்றக் கூட நின்றார். சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவச் சொன்னார். பிஸ்டன் ஒரு வருடம் நின்ற இடத்தில் ஒரு துரு வளையம். நகம் தட்டுகிறது.

"நகம் மாட்டுச்சுன்னா ரிங்கும் மாட்டும் தம்பி. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஏமாத்திக்காதீங்க. போர் அடிச்சிடுங்க."

போர் அடிப்பது என்றால் சிலிண்டரின் உள்சுவரை லேத்தில் கடைந்து பெரிதாக்குவது. நான் ஏமாற்றிக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 25, சனி

புதுப்பேட்டை. அரை நாள். இந்தச் சந்துகளில் ஒரு முழு வண்டியைத் துண்டு துண்டாக வாங்கிவிடலாம் என்பார்கள். துண்டு துண்டாக விற்ற வண்டிகளைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு கொஞ்சம் கசக்கவும் செய்கிறது.

முதல் மூன்று கடையில் "இம்பல்ஸ் பார்ட்ஸ்" என்று கேட்டேன். இரண்டு கடையில் இல்லை. மூன்றாவதில் இருந்தது, ஆனால் விலை கேட்டு வெளியே வந்துவிட்டேன். நாலாவது கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பேரச் சொல்லாத சார். என்ஜின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் குடும்பம்தான். அதக் கேளு, எல்லாக் கடையிலயும் குடுப்பான்."

இரண்டும் ஹீரோவின் வேறு வண்டிகள். அதுதான் இன்றைக்குக் கற்றது. பழைய பிஸ்டனையும் டைமிங் செயினையும் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கினேன். பிஸ்டன் கிட் மட்டும் புதிது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். பொறியைச் சரியான நேரத்தில் கிளப்பும் சிடிஐ பெட்டி பழையது, கடையிலேயே வேறொரு வண்டியில் மாட்டி ஓடுவதைக் காட்டிய பிறகே காசு கொடுத்தேன். இம்பல்ஸுக்கென்றே இருக்கும் பொருட்கள், அதாவது முன் மட்கார்டு, டேங்க் கவர், இவைதான் ஆபத்து. அவை கிடைக்காது. உள்ளதை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

போர் அடித்தாயிற்று. வெறும் சிலிண்டரை மட்டும் கொண்டுபோனபோது லேத்துக்காரர் வாங்கவே மறுத்துவிட்டார். "பிஸ்டன் எங்க? அதை அளந்துட்டுத்தான் போர். சட்டை தெச்சுட்டு ஆளைத் தேடுவியா?" திரும்பிப் போய் எடுத்துவந்தேன்.

பழைய போர் 57.3 மி.மீ.; அரை மி.மீ. கூட்டி 57.8. இதன் ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும், 57.8. கணக்குப் போட்டால் இரண்டரை சிசி ஏறி 150-ஐத் தாண்டிவிட்டது. இன்ஷூரன்ஸில் 150-க்கு மேல் பிரீமியம் வேறு. ஆர்.சி.யில் 149 என்று இருக்கிறது; அதுவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பாய் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தார், நான் மாட்டினேன். ரிங்குகளின் வாய் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். டைமிங் குறிகளை ஐந்து முறை சரிபார்த்தேன். ஹெட் நட்டுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

பிப்ரவரி 5, புதன்

டேங்க்கில் இரண்டு லிட்டர் வினிகர், ஒரு கைப்பிடி பழைய நட்டுகள். காலையும் இரவும் குலுக்கல். வீடே ஊறுகாய்க் கடை வாசனை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று டேங்க்கைக் கொட்டினேன். காவி நிறத் தண்ணீர். சமையல் சோடா கரைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே கொஞ்சம் டீசல் ஊற்றிச் சுழற்றினேன். தாமதித்தால் அரை மணியில் மறுபடி செம்மண் பூக்கும்.

இன்று முழுக்க கார்புரேட்டர். அடிக் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே முடிச்சூர். நைசான வண்டல், கீற்றுக் கீற்றாக வெடித்து, ஏரி வற்றினால் தரை எப்படி இருக்குமோ அப்படியே, இரண்டு விரல் அகலத்துக்குள். பெட்ரோலை அளந்து விடும் துளை வைத்த திருகுகள்தான் ஜெட்டுகள். மெயின் ஜெட் வெளியே வந்தது. பைலட் ஜெட் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கூர்மையாகத் தேய்த்து, அடுப்பில் லேசாகச் சூடு காட்டி, மூச்சைப் பிடித்துத் திருகினேன். வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை, களிம்பு அடைத்திருக்கிறது.

அம்மா கேட்டாள்: "பித்தளையா அது?" ஆமாம் என்றேன். உள்ளே போய்க் குத்துவிளக்குக்குக் கரைத்து வைத்திருந்த புளியில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தாள். பத்து நிமிடத்தில் ஜெட் புதுக் காசு மாதிரி ஆனது. துளையைக் கம்பி வைத்துக் குத்தவில்லை. அளவு பெரிதாகிவிட்டால் பெட்ரோல் குடிக்கும். பல்துலக்கும் பிரஷ்ஷில் ஒரே ஒரு முடியை வெட்டி விட்டேன். ஒருவழியாக மறுபக்கம் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஸ்பார்க் இல்லை.

இக்னிஷன் காயிலைப் பார்த்தேன், சிடிஐ மாற்றி மாற்றிப் பார்த்தேன், தண்ணிக் கோட்டுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்துக் களிம்பு சுரண்டினேன். மாலை ஆறு மணி. கிக்கர் உதைத்து முழங்கால் வீங்கிவிட்டது. பாய் வந்தார். ஃபிரேமைச் சுற்றி ஒரு பார்வை. "பெயின்ட் நல்லா அடிச்சிருக்கீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்தேன். எர்த் வயர் போல்ட்டைக் கழற்றி, அதன் கீழே நான் இரண்டு கோட்டிங் அடித்துப் பளபளவென்று வைத்திருந்த இடத்தை உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தார்.

பளிச்சென்று நீலப் பொறி. இரண்டு வாரம் முன்பு அந்த இடத்தில் துரு தெரிகிறதே என்று முனைந்து பெயின்ட் அடித்தவன் நான்தான்.

ஏழாவது உதையில் வண்டி பிடித்தது. வெள்ளைப் புகை, தண்ணீர் துப்பிய சைலன்சர், மாடி வீட்டு அக்காவின் இருமல். இரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்தினேன். அந்த ஆயிலை உடனே கொட்டிப் புதிது ஊற்றினேன். உள்ளே மிச்சம் இருந்த ஈரம் அதோடு போகட்டும்.

செல்ஃப் மோட்டார் செத்துவிட்டது. பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. கால் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் இருந்த ஆயிலின் நாற்றத்தை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

போன வாரம் இடப்பக்க ஃபோர்க்குக்கு நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்து மலிவான ஆயில் சீல் வாங்கிப் போட்டேன். மூன்று நாளில் கசிந்தது. மறுபடி சக்கரம், மட்கார்டு, ஃபோர்க், எல்லாம் கழற்றி நாலு மணி நேரம். சீலை நேராக இறக்க ஃபோர்க் குழாயைவிடச் சற்றே பெரிய பிவிசி பைப் துண்டு போதும். அதற்கென்று தனி டூல் வாங்க வேண்டியதில்லை. சிக்கனம் காட்ட வேண்டிய இடம் அது. சீல் அல்ல.

முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் இறுகிப்போயிருந்தது. பிரேக் லீவரை அமுக்கி அமுக்கியே பிஸ்டன்களை வெளியே தள்ளினேன். புது ரப்பர், புது பேட், புது ஆயில். ஒரு சொட்டு டேங்க்கில் விழுந்து பெயின்ட் உரிந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும் என்பது தெரிந்துதான் இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

சக்கர பேரிங்குகள். வண்டிப் பெயர் சொல்லிக் கேட்கத் தேவையே இல்லை. ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டம்: 01 என்றால் 12 மி.மீ., 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். கடைப் பையன் சொல்லித்தந்தது.

டயர் கிடைக்காது என்று ஊரில் பாதிப் பேர் பயமுறுத்தியிருந்தார்கள். முன் டயர் 90/90-19, பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் முன் டயர் அளவு. பின்னால் 17 அங்குலம். இரண்டும் கட்டைப் பல் வைத்ததாகவே கிடைத்தன. இரண்டுக்கும் சேர்த்து 5,600. இந்த வண்டியின் விலைக்கு 400 ரூபாய்தான் குறைவு.

உடைந்த மட்கார்டை உள்பக்கம் ஸ்டேப்ளர் பின்களைச் சூடான சால்டரிங் அயர்ன் வைத்து அழுத்தித் தைத்தேன். வெளியே தழும்பு தெரிகிறது. தெரியட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இதுவரை 26,480. அடிக்கோடு போட்ட எண்ணுக்கு மேல் 1,480. அதில் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸும் அடக்கம். ஆர்.சி. இன்னும் மாமா பையன் பெயரில். அவன் லீவில் வரும்போது கையெழுத்து வாங்கி மாற்ற வேண்டும். 2027-இல் பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.டி.ஓ.வில் காட்டி ஐந்து வருடம் நீட்டிக்க வேண்டும். அது அப்போது.

காலையில் கிளம்பத் தயாரானேன். இடப்பக்க சைடு கவரின் உள்பக்கம் மட்டும் அந்தத் தண்ணிக் கோட்டை அழிக்காமல் விட்டிருந்தேன். யாருக்கும் தெரியாது, ஆறு போல்ட் கழற்றினால்தான் தெரியும். மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "பிரேக் பிடிக்குதா?" என்று கேட்டார். பிடிக்கிறது என்றேன்.

அம்மா ஹெட்லைட்டுக்கு மேல் சந்தனம், குங்குமம் வைத்தாள். இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரங்களுக்கடியில் தானே குனிந்து வைத்தாள். "மெதுவா போடா" என்றாள். போகியன்று சொன்னதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்றாவது உதையில் பிடித்தது. முதல் கியர். முன் சக்கரத்து எலுமிச்சை நசுங்கியது. பின் சக்கரத்தது பாதி நசுங்கி, டயரின் கட்டைப் பற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, சுற்றுக்கு ஒரு தரம் மட்கார்டில் தட்டியபடி தெருமுனை வரை கூடவே வந்தது.