ஏசி ரிமோட் யார் கையில்?

பழைய அலுவலக நண்பர்கள் சந்தித்தால் முதலில் உடல்நலம், பிள்ளைகள் படிப்பு என்றுதான் பேச்சு ஓடும். அப்புறம் அது எப்படியோ பழைய மேலாளரிடம் போய் நின்றுவிடும். நல்ல மேலாளர் என்றால் "தங்கமான மனுஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். மோசமானவர்களைப் பற்றிப் பேசத்தான் நேரம் போதாது.

எனக்கு வாய்த்தவர்களில் முதலிடம், ஏசி ரிமோட்டைத் தன் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தவருக்கு. ஏசி இருந்தது எங்கள் கூடத்தில். அவர் உட்கார்ந்திருந்தது கதவடைத்த தனியறையில். காலையில் வந்ததும் கூடத்துக்கு வந்து 18 டிகிரி வைத்துவிட்டு ரிமோட்டோடு உள்ளே போய்விடுவார். குளிரில் இருந்தால் தூக்கம் வராது, வேலை நடக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. வேலை நடந்ததோ இல்லையோ, கம்பளிச் சட்டைகள் வந்தன. ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தார்.

எங்களில் ஒருவருடைய கைபேசியில் ரிமோட் போல வேலை செய்யும் வசதி இருந்தது. அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அழுத்து அழுத்துவார், ஏசி நின்றுவிடும். மேலாளர் வந்து மறுபடி போடுவார். அவர் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் அது மறுபடி நிற்கும். இப்படியே சில நாள் ஓடியதும் மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் மூடியைக் கழற்றி வடிகட்டியைத் தட்டிப் பார்த்தார், மாட்டினார், போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஏணியில் நின்றபடியே எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கம்பளிச் சட்டை, சால்வை, கையுறை. அந்த மனிதருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சார், 25க்குக் கீழே வைக்காதீங்க. கம்ப்ரஸர் போயிடும், மாத்தினா பெரிய செலவு" என்றார். செலவு என்ற சொல் வேலை செய்தது. அடுத்த வாரக் கூட்டத்தில் மேலாளரே, மின் சிக்கனம் கருதித் தான் ஆழ்ந்து யோசித்து எடுத்த முடிவு என்று 25 டிகிரியை அறிவித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குப் பாராட்டும் வந்தது. மெக்கானிக்குக் கட்டணம் மட்டும்தான்.

இந்த மாதிரி ஆட்களை வெறும் கெட்டவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. என் கணிப்பில், எதிரே இருப்பவர்கள் எல்லோரும் தலையாட்டுகிற இடத்தில் ஒருவரை நாள் முழுக்க உட்காரவைத்தால், கொஞ்ச நாளில் அவருக்குத் தான் செய்வது எப்படித் தெரிகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. பெரிய பெயர்களே இதற்குத் தப்பவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1914இல் நாளுக்கு 5 டாலர் தருவதாக அறிவித்தபோது உலகமே வியந்தது. அந்தத் தொகை முழுதாகக் கிடைக்கவேண்டுமென்றால், நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து வீடு சுத்தமா, குடிப்பழக்கம் உண்டா, சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள் என்பது பலருக்குப் பிறகுதான் உறைத்தது. பில் கேட்ஸ், மைக்ரோசாஃப்டின் தொடக்க காலத்தில் ஊழியர்களின் கார் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்து, யார் எப்போது வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று பார்த்ததாகப் பின்னாளில் தானே சொன்னார். ஆள் பெருகியதும் விட்டுவிட்டாராம்.

ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் தலைவராக இருந்த டிம் ஆம்ஸ்ட்ராங் 2013 ஆகஸ்டில் ஊழியர்களின் மனநிலையைத் தேற்றுவதற்காக ஒரு கூட்டம் போட்டார். நடுவில் ஒருவர் கேமராவை எடுக்க, அங்கேயே, அப்போதே அவரை வேலையைவிட்டு நீக்கினார். தொலைபேசி இணைப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து, எல்லோர் முன்னாலும் அப்படிச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். வேலை மட்டும் திரும்பவில்லை. தேற்றுவதற்குப் போட்ட கூட்டம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

எல்லாக் கதைக்கும் சிரிப்பு வருவதில்லை. தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது "அஞ்சே நிமிஷம், அந்த கால்ல மட்டும் சேர்ந்துக்கங்க" என்று கேட்கப்பட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் அதை எத்தனை முறை சொன்னாலும் எங்களில் யாரும் சிரித்ததில்லை. அவரும் சிரிக்கச் சொல்லிச் சொல்வதில்லை.

சிரிப்புக்கு உத்தரவாதமான கதை எங்களுடைய வேறொரு மேலாளருடையது. எந்த மின்னஞ்சல் போனாலும் தனக்கு ஒரு பிரதி வரவேண்டும் என்பார். வந்தால், இத்தனை மெயிலை மனுஷன் படிப்பானா என்று கத்துவார். உண்மையில் எதையும் படிக்கமாட்டார். ஒருநாள் இணையவழிக் கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த யாரிடமோ எங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சோம்பேறிகள், இதுகளை வைத்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடை கூட நடத்தமுடியாது, ஒவ்வொருத்தரையும் நாலு போடு போட்டால்தான் சரிப்படும். திரையில் எல்லா முகங்களும் அசையாமல் இருந்தன. சொல்லலாமா வேண்டாமா என்று நினைத்து நினைத்தே யாரும் சொல்லவில்லை. பேசி முடித்ததும் மைக்கைப் போடுவதாக நினைத்து அணைத்தார். சற்று நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சரிசெய்துகொண்டு, இன்றைய கூட்டக் குறிப்பு மாலைக்குள் வரவேண்டும் என்றார்.

குறிப்பு எழுதும் முறை அன்று எங்கள் குழுவிலேயே மிகவும் சாதுவான பெண்ணுக்கு. விடுபடாமல் எழுதியிருந்தார். நான்காவது பொருள்: "குழுவின் செயல்திறன் குறித்து மேலாளர் விரிவாகப் பேசினார். பெட்டிக்கடை நடத்தும் திட்டம் தற்போதைக்குச் சாத்தியமில்லை எனக் குறிப்பிட்டார். ஒவ்வொருவருக்கும் தலா நான்கு வீதம் வழங்கலாம் எனப் பரிந்துரைத்தார்."

வழக்கம்போலப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் நிலுவையிலுள்ள பொருள்களை வாசித்தபோதுதான், பெட்டிக்கடைத் திட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் விசாரித்தார்.