இரண்டரைக் கட்டை

ஏப்ரல் 22

எமன் வேடம் கட்டுகிற அண்ணனுக்குத் தொண்டை நாணில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாச்சு. ஏழு நாள் வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஓய்வு என்று நம்மாட்கள் எல்லாரும் நினைக்கிறோம். அப்போதுதான் தொண்டையை இறுக்கிக் காற்றைத் தள்ளுகிறோம், புண் ஆறாது. அண்ணன் கையில் சிலேட்டும் இரண்டு குச்சியும் கொடுத்தாச்சு. மயக்கம் தெளிந்து எழுதிய முதல் வரி: "எமன் யாரு?"

ஏப்ரல் 23

மே 30 நாடகத்தின் அமைப்பாளர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஏப்ரல் 25

மேடையில் அண்ணன் காட்டும் சைகைகளை இன்றே எழுதி வைக்கிறேன். மிருதங்கத்துக்குப் புதுப் பையன் வருகிறான்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், புதுக்கோட்டைக்காரர், நாரதர் திண்டுக்கல், பபூன் மதுரை. ராத்திரி ஒன்பது மணிக்கு அரிதாரம் பூசுகிற கொட்டகையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பாட்டும் தர்க்கமும் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட தடம். அந்தத் தடத்தில் யார் எங்கே எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பது ஏறின பிறகுதான் தெரியும். அப்படியென்றால் நாடகத்தை நடத்துவது யார்? ராஜபார்ட் இல்லை, அவருக்குப் பாட்டும் கைதட்டலும் போதும். எமன், நாரதர், மந்திரி என்று ஓரமாக நிற்கிறவர்தான் நடத்துகிறார். கூட்டம் கொட்டாவி விடுவது அவருக்குத்தான் தெரியும், பக்கத்தில் பாடுகிற பொண்ணுக்கு மூச்சு வாங்குவதும் தெரியும். அண்ணனுடைய தாத்தா அப்படி, அப்பா அப்படி. சுவரொட்டியில் கடைசி வரியில் பெயர் வரும், ஆனால் விடிகிற வரைக்கும் கடிவாளம் அவர்கள் கையில்.

இடது கை காதோரம் போனால், சுருதியை அரைக் கட்டை இறக்கு. பாசக்கயிறு இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறினால், அடுத்த சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்கு வா. தொடையில் விரல் தட்டினால் நடை தொய்கிறது, தூக்கிப் பிடி. கூட்டத்துக்கு முதுகு காட்டி இரண்டு அடி வைத்தால் மிருதங்கத்தில் தீர்மானம் வைத்து முடி, காட்சி மாறுகிறது.

தப்பு எங்கே நடக்கும் என்றால் வியர்வை துடைக்கும்போது. கை காதுக்குப் போனதும் புது ஆள் சுருதியை இறக்கச் சொன்னதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் அண்ணன் வியர்வையை எப்போதும் வலது கையால் மட்டும் துடைப்பார். பையனுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 28

ஐந்து நிமிஷம் பேசலாம் என்றார்கள். "தண்ணி" என்றார். அவ்வளவுதான். காற்று பாதி, சத்தம் பாதி. அவர் மகள் பாப்பா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டது.

ஏப்ரல் 30

வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பி ஒன்பது நாள். முடிவு வரவில்லை.

மே 2

முடிவு வரவில்லை. என் ஆர்மோனியத்தைப் பிரித்தேன்.

கீழ்ஸ்தாயியில் இரண்டாவது கறுப்புக் கட்டை, அதாவது இரண்டரை, ஊமை. நாடகத்தில் அந்த அடி மட்டத்துக்கு யார் போகிறார்கள்? தொடாமலே கிடந்து தூசி அடைத்துவிட்டது. ரீடு பலகையைக் கழற்றி, பித்தளை நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய காகிதத்தைச் செருகி மெதுவாக இழுத்தால் அழுக்கு வந்துவிடும். பிளேடு வேண்டாம், ஓரத்தில் கீறல் விழுந்தால் அந்த ரீடு கடைசி வரை கரகரக்கும். தூசி போனதும் பேசியது, ஆனால் சுருதி கொஞ்சம் மேலே நின்றது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். ஆணி அடித்திருக்கும் அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். அடியில் நாலே இழுப்பு. அடுத்த வரிசையின் ரீடோடு சேர்த்து அழுத்தி, அலை அடிப்பது நிற்கும்வரை கேட்டேன். ஒரு இழுப்பு கூடினால் திருப்பிக்கொண்டு வர நுனியைச் சுரண்ட வேண்டும், அப்படியே நாக்கு இளைத்து ஒரு நாள் ஒடியும்.

ஏன் இரண்டரையைச் சரிசெய்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

மே 3

சாதாரணக் கட்டிதான். வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் சிலேட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மே 6

நேற்றிலிருந்து சங்கரதாஸ் சுவாமிகள் நினைப்பு.

தூத்துக்குடியில் உப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் 24 வயதில் அதை விட்டு நாடகத்துக்கு வந்தார். முதலில் அவரும் வேடக்காரர்தான், அதுவும் கதாநாயகன் இல்லை. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். எமனைப் பார்த்துக் கூட்டத்தில் இருந்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்பார்கள். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைப் பார்த்து ஒரு பெண் பயந்தே இறந்தாள் என்பார்கள். அதோடு வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியர் ஆனார். 1918-இல் இதே மதுரையில் சிறுவர்களை வைத்து அவர் தொடங்கியது தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெண் வேடம் கட்டிய கண்ணுசாமிப் பிள்ளை தன் பிள்ளைகளோடு அதில் வந்து சேர்ந்தார். ஆறு வயது சண்முகத்துக்கு முதல் வேடம் நாரதர். எந்த நாடகத்தில்? சத்தியவான் சாவித்திரி. பிற்பாடு கிழவி வேடம் கட்டி அவ்வை சண்முகம் ஆனவர். அவருக்காகத்தான் சுவாமிகள் அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார்.

1921-இல் வாதம் வந்து சுவாமிகளுக்குப் பேச்சு போய்விட்டது. 1922 நவம்பர் 13, புதுச்சேரியில் முடிவு. கடைசி வரை பிள்ளைகளோடுதான் இருந்தார்.

பேச்சு இல்லாத அந்த மாதங்களில் பிள்ளைகள் மேடையில் தப்புப் பண்ணினால் எப்படிச் சொல்லியிருப்பார்? கண்ணாலா? இதை அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல நிறையப் பேசுவார்.

மே 9

பயிற்சி. ஒரு டம்ளர் தண்ணீர், அதில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு உறிஞ்சுகுழல். குழல் வழியே ஊதிக்கொண்டே "ஊ" என்று சுருதி பிடிக்க வேண்டும். குமிழி சீராக வர வேண்டும். குமிழி தடதடத்தால் அழுத்தம் ஜாஸ்தி, நிறுத்து. காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம். குழலில் எதிர்க்காற்று இருப்பதால் நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் அதிரும். வெறும் தண்ணீரில் ஆவி பிடிக்கலாம். தைலம் போடக் கூடாது, எரிச்சல். செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்க வேண்டும். வெற்றிலை புகையிலை அடியோடு நிறுத்தம். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். நாற்பது வருஷமாக ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு மேடை ஏறுகிற தொண்டை இது. புளித்து மேலே வருகிற அமிலம் நாணையும் அரிக்கும்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கல்பாலத்தில் நிற்க இடமில்லை. லட்சம் தொண்டை கோவிந்தா என்றபோது அண்ணன் கையை மட்டும் தூக்கினார், வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் "ஏன்ணே, சாமி மேல கோவமா?" என்றார்.

மே 15

கிடைத்துவிட்டது.

சாவித்திரி வேடம் கட்டுகிற பாப்பாவின் சுருதி ஐந்தரைக் கட்டை. அண்ணன் நாலரை. எமனுக்கும் சாவித்திரிக்கும் தர்க்கம் வரும்போது இத்தனை வருஷமாக அண்ணன் தம் கட்டி ஐந்தரைக்கு ஏறிப் பாடிக்கொண்டிருந்தார். சாவித்திரிக்கு வேறு பொண்ணுகள் வந்தபோதும் அப்படித்தான். அந்த ஒரு கட்டைதான் நாணைக் கெடுத்தது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக ஏறிய சுருதி அது. அந்தக் கால ராஜபார்ட் கிட்டப்பா ஐந்தரையில் பாடினார், அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க. அது கிட்டப்பா. 27 வயதில் போய்விட்டார். அறுபதைத் தாண்டிய எமனுக்கு மைக் இருக்கும்போது ஐந்தரை எதற்கு?

இரண்டரைக்கு இறக்கினால்? இரண்டரையை சட்ஜமாக, அதாவது "ச"வாக, வைத்தால் அதன் மத்திமம், "ம", சரியாக ஐந்தரையில் விழுகிறது. அவருடைய மத்திமம்தான் அவளுடைய சட்ஜம். அவளுடைய பஞ்சமம்தான் அவருடைய சட்ஜம். இரண்டாவது கறுப்பையும் நாலாவது கறுப்பையும் சேர்த்து அழுத்திக்கொண்டால் ஒரே சுருதியில் இரண்டு பேரும் நிற்கலாம். பாட்டு கை மாறும்போது நான் எதையும் மாற்ற வேண்டாம். அவளுக்கு அது ச-ப. அவருக்கு மத்திம சுருதி.

ஒரு கஷ்டம் உண்டு. மத்திம சுருதிக்குப் பழகாத காது, ஐந்தரையையே சட்ஜம் என்று பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். அதனால் அண்ணன் எடுக்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கீழ் இரண்டரையை மட்டும் தனியாக நாலு எண்ணிக்கை பிடித்துக் காட்ட வேண்டும்.

சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். மெதுவாக, கீழே, பாடினார். பாப்பா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து, "அப்பா, இதான் எமன்" என்றது.

மே 16

இரண்டரை. இரண்டரை. இரண்டரை.

மே 18

மைக்காரரைப் பார்த்துப் பேசினேன். குழாய் ஒலிபெருக்கியைப் பந்தலின் பின் கம்பத்தில் மேடையைப் பார்த்துக் கட்டினால் மெல்லிய குரலுக்காக ஒலியை ஏற்றும்போது கூவும். குழாயின் வாய் மைக்கைப் பார்க்கக் கூடாது. மைக் வரிசைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இரண்டு. எமன் நிற்கிற மைக்குக்கு மட்டும் தனிக் குமிழ். உதட்டிலிருந்து நாலு விரல் தூரம். அதைவிடக் கிட்டப் போனால் "ப" வருகிற இடமெல்லாம் இடிக்கும், தள்ளிப் போனால் காற்று மட்டும்தான் கேட்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாடுகிறவரைப் பார்த்து ஒரு சின்னப் பெட்டி. தன் குரல் தனக்குக் கேட்காதபோதுதான் ஆட்கள் கத்துகிறார்கள். "பெட்டிக்குத் தனி வாடகை" என்றார். என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மே 20

அமைப்பாளர் இன்னொரு எமனுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார். "ஒரு பாதுகாப்புக்கு" என்கிறார். மூன்று தலைமுறையாக இந்த ஊர் எமன் வேடத்தைத் தூக்கிச் சுமந்த வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா? சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 21

சொன்னேன். "நல்லதுதானப்பா, நான் இருமினா அவன் ஏறட்டும்" என்றார். அந்த ஆளுக்குச் சைகைகளைச் சொல்லிக்கொடு என்றும் சொன்னார்.

மே 23

ஒட்டு மீசை வேண்டாம். பசையின் நெடி தொண்டையில் இறங்குகிறது. போன வாரம் திறந்து வைத்ததற்கே இருமினார். மீசையை மையால் வரைந்துகொள்ளலாம். முதலில் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் நின்றால் மேலே பூசுகிற நீலம் இரண்டு மணி நேரத்துக்குள் வழியும். முத்துவெள்ளை அரிதாரத்தில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைக்க வேண்டும். மேடை விளக்கின் வெளிச்சத்தில் பூச்சு வெளிறித் தெரியும், அதனால் கையில் பார்க்கும்போது அழுத்தமாகவே இருக்கட்டும். கடைசியில் பவுடரை ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பவுடர் ஒற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

எமன் ஏறுவது மூன்றரைக்கு. பூசுவதை இரண்டரைக்கு ஆரம்பித்தால் போதும்.

மே 27

வீட்டு மொட்டைமாடியில் தர்க்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தோம். மாமனாருக்குக் கண், இழந்த ராஜ்யம், அவள் அப்பாவுக்குப் பிள்ளைகள், மூன்று வரமும் தாண்டிவிட்டது. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் மேல் சட்ஜத்தில் உடைந்தது. உடைந்தது என்றால் சத்தமே இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. பாப்பா விடாமல் அடுத்த அடியைத் தானே எடுத்துப் பாடி மூடியது. யாரும் எதுவும் பேசவில்லை. கீழே யாரோ குழாயடியில் குடம் வைக்கிற சத்தம்.

மே 28

நேற்று உடைந்த இடத்துக்கு முன்னாலேயே சிரிப்பு ஒன்று இருந்தது. அதுதான் காரணம். நுழையும்போது ஒரு முறை, தர்க்க நடுவில் ஒரு முறை, எமன் கர்ஜித்துச் சிரிக்கிறார். சிரிக்கும்போது நாண்கள் அறைந்துகொள்கின்றன. பாட்டு இல்லை, சிரிப்புதான் தொண்டையைத் தின்கிறது.

அப்பா காலத்திலிருந்து வருகிற கர்ஜனை. எடுக்கச் சொன்னால் என்ன சொல்வாரோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் போனால் அவரே எழுதி வைத்திருந்தார், பழைய சிலேட்டில்: "சிரிப்பு வேணாம். தொப்பி." மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் மட்டும் உருட்டு, கீழ் இரண்டரை, விளக்கு ஒன்று. அண்ணன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்து வருகிறார். மேல்ஸ்தாயி வரிகள் நாலையும் வசனமாக்கியாச்சு. இப்போது பாட்டு பதினாலு நிமிஷம்தான்.

பையனிடம் தொப்பிக்கு ரவையை இன்னும் கொஞ்சம் ஈரமாகப் பிசைந்து அப்பச் சொன்னேன். காய்ந்தால் சத்தம் மேலே ஏறிவிடும். மூன்று மணிக்கு மறுபடி ஒரு முறை நனைக்க வேண்டும்.

மே 29

இன்று முழுக்கப் பேசவில்லை. அவரும், நானும்.

மே 30, வைகாசி 16

மாலை ஐந்து. மேலூர்ப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறதாம். ஈரக்காற்று தொண்டைக்கு நல்லது, தொப்பிக்கு ஆகாது. சின்னப் பெட்டி ஏற்றியாச்சு. வெந்நீர்ப் பிளாஸ்க், உறிஞ்சுகுழல், இரண்டு சேலம் துண்டு, நீலம். இன்னொரு எமனும் இதே வேனில்தான் வருகிறார். அண்ணன் அவருக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிட்டுக் கயிற்றை எப்படிக் கை மாற்றுவது என்று காட்டிக்கொண்டிருக்கிறார். பாப்பா முன்னால் உட்கார்ந்து ஊ என்று சுருதி பிடிக்கிறது. டிரைவர் கூப்பிடுகிறார், ஆர்மோனியத்தை மடியில் வைக்கணும்