ஒரே முறை எழுதினால் போதும்: எங்கள் தையல் யூனிட்டில் சம்பளக் கணக்கு தானாகக் கூடிய விதம்

திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட், அதாவது கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், நடத்துகிறவர்களுக்கு வாரத்தில் மிக நீளமான இரவு வெள்ளிக்கிழமை இரவுதான். மறுநாள் சம்பளம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று பல வகை மெஷின்களில் ஒவ்வொரு டெய்லரும் எந்த லாட்டில் (கம்பெனி ஒரு தடவையில் தரும் சரக்கில்) எத்தனை பீஸ் தைத்தார், அந்த வேலைக்கு என்ன ரேட், நடுவில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரா என்று நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கூட்ட வேண்டும். பெருமாநல்லூர் பக்கம் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய யூனிட்டில் இந்தக் கணக்கு என் பொறுப்பு. இப்போது அது வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடியும்போதே தயாராக நிற்கிறது. மென்பொருள் எழுதும் ஆள் யாரையும் வைக்கவில்லை, எந்தக் கம்பெனியிடமும் ஆர்டர் கொடுக்கவில்லை. பக்கத்து யூனிட்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேலை தொடங்கியது கம்ப்யூட்டரில் இல்லை. ஒரு லாட் எங்கள் வாசலில் இறங்குவதிலிருந்து பில் போகும்வரை ஒரே தகவலை எங்கெங்கே எழுதுகிறோம் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கம்பெனி சரக்கோடு அனுப்பும் டிசியில் (டெலிவரி சலானில்) இருப்பதை எங்கள் வரவு நோட்டில் எழுதுகிறோம். அதையே, வெட்டிய துணியைக் கட்டிவைக்கும் ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் எழுதுகிறோம். டெய்லர் தன் நோட்டில் எழுதுகிறார், மாஸ்டர் தன் நோட்டில் எழுதுகிறார், திரும்ப அனுப்பும் டிசியில் ஒருமுறை, கடைசியில் பில்லில் ஒருமுறை. ஒவ்வொரு முறை பெயர்த்து எழுதும்போதும் ஓர் எண் மாறிவிடலாம். சண்டைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே ஒரு தகவலை அது பிறக்கும் இடத்தில் ஒரே முறை எழுத வேண்டும், மற்ற இடங்களுக்கெல்லாம் அது தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தோம். பிறகு நாங்கள் செய்த எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவைதான்.

அதற்கு முதல் தேவை எண். லாட்டுக்கு ஓர் எண், அதற்குள் கட்டுக்கு ஓர் எண். 118ஆம் லாட்டின் ஏழாவது கட்டு 11807. வெட்டிய துணி வந்து இறங்கியதும் எண்ணிப் பார்த்து, கட்டின் எண், சைஸ், நிறம், பீஸ் எண்ணிக்கை ஆகியவற்றை கூகுள் ஷீட்டில் ஒரு வரியாக ஏற்றிவிடுவேன். ஒரு கட்டைப் பற்றி நான் கையால் தட்டச்சு செய்வது அவ்வளவுதான்.

கருவிகளில் சிலவற்றைப் பார்த்தோம். சோஹோ கிரியேட்டர் நன்றாக இருக்கிறது. 2020ல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட்டும் அப்படித்தான். இணையம் இல்லாத இடத்தில்கூட பதிவுசெய்து, பிறகு சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கட்டும் முறை, வேலையாட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் எங்கள் தொழிலுக்கு ஒத்துவராது. கூகுள் ஃபார்ம், ஷீட் இரண்டும் இலவசம். அவற்றோடே நின்றுகொண்டோம்.

எங்களுக்கு வழி திறந்தது கூகுள் ஃபார்மில் உள்ள ஒரு சிறு வசதியால். படிவத்தின் சில கட்டங்களை முன்கூட்டியே நிரப்பி, அப்படி நிரப்பிய படிவத்துக்கே தனி இணைப்பு எடுத்துக்கொள்ள முடியும். அந்த இணைப்பின் கடைசியில் கட்டின் எண் இருக்கும். ஷீட்டில் ஒரு ஃபார்முலா போட்டால் ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் இணைப்பு தானாக உருவாகிவிடும். இணைப்பை க்யூஆர் படமாக மாற்றித் தரும் இலவச சேவைகள் உண்டு. இமேஜ் என்ற ஃபார்முலா அந்தப் படத்தை ஷீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கும். ஏ4 தாளில் அச்சடித்து, வெட்டி, கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். வேலை முடித்த டெய்லர் போனைக் காட்டினால் கட்டு எண் நிரம்பிய படிவம் திறக்கிறது. தன் டோக்கன் எண், செய்த வேலை ஆகிய இரண்டை மட்டும் அவர் கொடுத்தால் போதும்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்புக்குள் தமிழ் எழுத்துகளை வைக்காதீர்கள். இணைய முகவரிக்குள் போகும்போது ஒரு 'க' என்பது ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். உயிர்மெய்யில் சேரும் கொம்பு, கால் போன்ற குறிக்கு இன்னொரு ஒன்பது. முகவரி நீண்டால் க்யூஆர் படத்தின் புள்ளிகள் நெருக்கமாகி, பழைய போன் கேமராவால் படிக்க முடியாமல் போகும். எண் மட்டும் இருந்தால் சிறிய சீட்டிலும் பளிச்சென்று படிக்கும். சைஸ், நிறம், பீஸ் எண்ணிக்கை எல்லாம் ஏற்கெனவே ஷீட்டில் இருப்பதால் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா அவற்றை எடுத்துக்கொள்கிறது. ஃபார்மில் பதில் வந்து விழும் தாளில் ஃபார்முலாவை இழுத்துவிட்டுப் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய பதில் புதிய வரியாக நுழைவதால் அந்த வரியில் ஃபார்முலா இருக்காது. தலைப்பு வரியில் ஒரே ஒரு அரேஃபார்முலா போட்டுவிட்டால் எத்தனை வரி வந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. நாங்கள் வீட்டில் கிடந்த பழைய போன்களை எடுத்து லைனுக்கு ஒன்றாக மாட்டிவைத்தோம். பனியன் துணியின் பஞ்சு கேமராவில் படியும் என்பதால் டெய்லர்களுக்கு உதவும் கைமடிப் பெண் ஒருவர் தேநீர் இடைவேளையில் துடைத்துவிடுகிறார். எங்களிடம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். வேலையின் பெயரைப் படித்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தடுமாறுவார்கள் என்று, ஃபார்மின் விடைகளில் படங்களையே வைத்தேன்: தோள் சேர்ப்பது, கழுத்து ரிப், கை ஏற்றுவது, பக்கவாட்டு மூட்டு, கீழ் மடிப்பு. நாங்களே தைத்த டீ ஷர்ட்டில் அந்தந்த இடத்தைக் காட்டி எடுத்த புகைப்படங்கள் அவை. அனுப்பிய பிறகு வரும் செய்தியை "ஏறிவிட்டது" என்று தமிழிலும் அதே பொருளில் இந்தியிலும் மாற்றிவைத்தேன். அந்தச் செய்தி வராமல் போனை விட்டு நகரக் கூடாது என்பது லைனில் எல்லோருக்கும் பாடம்.

ஒரே கட்டை ஒரே வேலைக்கு இரண்டு பேர் பதிந்தால் அந்த வரி சிவப்பாகும். எண்ணிச் சொல்லும் கவுண்ட்இஃப்ஸ் ஃபார்முலா போட்டு, நிறம் மாறும் விதி ஒன்றை வைத்தால் போதும். சிவப்பான வரி, மாஸ்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சம்பளத்தில் சேராது.

இவ்வளவும் ஓடத் தொடங்கியபோது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது டெய்லர்களின் நம்பிக்கை. எங்களிடம் நெடுநாளாக ஓவர்லாக் ஓட்டும் அக்கா ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஏன் கண்ணு, போனில் ஏறாத கட்டுக்கு எனக்கு யார் காசு கொடுப்பது?"

நியாயமான கேள்வி. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு கட்டு விட்டுப்போனால் அது அவர் உழைப்பில் விழுகிற ஓட்டை. "உங்கள் நோட்டை விட்டுவிடாதீர்கள் அக்கா. ஷீட்டில் குறைந்தால் நோட்டைப் பார்த்துத்தான் கொடுப்போம்" என்றேன். தினமும் மாலையில் டோக்கன் எண் வாரியாக அன்றைய பீஸ் எண்ணிக்கையை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். விட்டுப்போனது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் வைஃபை அறுந்த நேரத்தில் போட்ட கட்டாக இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே கடைசி லைன்வரை சிக்னல் எட்டவில்லை என்பதால் இன்னொரு வைஃபை பெட்டி வாங்கி வைத்தோம். அந்த அக்கா இன்றும் நோட்டு எழுதுகிறார். எழுதட்டும். கணக்கைச் சரிபார்க்கும் உரிமை உழைப்பவர் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சனிக்கிழமைக்கான தாள் தனி. டோக்கன் எண், வேலை, ரேட், அட்வான்ஸ் எல்லாம் சம்இஃப்ஸ் என்ற கூட்டும் ஃபார்முலா வழியாக வந்து கூடிவிடும். ரேட் மட்டும் நானும் மாஸ்டரும் பேசி, லாட் தொடங்கும்முன் கையால் ஏற்றுவது. டிசைனில் ஒரு பாக்கெட் கூடினால்கூட வேலை மாறிவிடும். அதை எந்த ஃபார்முலாவிடமும் விட முடியாது.

எதிர்பாராமல் கிடைத்த பெரும் பயன் பீஸ் குறைவு விஷயத்தில். ஒரு கம்பெனி, நாங்கள் திருப்பி அனுப்பிய லாட்டில் பீஸ் குறைகிறது என்று பில்லில் பிடித்தம் செய்யப் பார்த்தது. முன்பு என்றால் வாயடைத்து நின்றிருப்போம். இந்த முறை கட்டு வாரியாகப் பட்டியல் அனுப்பினேன்: இறங்கிய அன்றே எந்தக் கட்டில் எத்தனை குறைவு என்று எண்ணி ஏற்றிய வரிகள், நேரத்தோடு. குறைவு அவர்கள் கட்டிங்கிலேயே இருந்தது தெரிந்தது. பிடித்தம் நின்றுபோனது.

டிசியும் பில்லும் இதே ஷீட்டிலிருந்து பிடிஎஃப்பாக வருகின்றன. ஜிஎஸ்டி விதிப்படி டெலிவரி சலானுக்குத் தொடர் எண் வேண்டும், அது 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, சரக்குக்கு மூன்று பிரதி வேண்டும். லாட் எண்ணையே உள்ளடக்கி டிசி எண்ணை அமைத்ததால் எந்த டிசி எந்த லாட்டுக்கு என்று தேடும் வேலை ஒழிந்தது. பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பும் சில வரி ஆப்ஸ் ஸ்கிரிப்டை (ஷீட்டோடு ஓடும் சிறு நிரலை) நான் எழுதவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று சாட்ஜிபிடியிடம் தமிழிலேயே விவரித்து வாங்கினேன். ஷீட்டைப் பிரதி எடுத்து, அதில் ஓட்டிப் பார்த்து, எண்கள் சரியாக வந்த பிறகே உண்மையான ஷீட்டில் வைத்தேன். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் ஸ்கிரிப்ட் வழியாக மின்னஞ்சல் போகும். எங்களுக்கு அது தாராளம்.

பண வசூலுக்கும் ஒரு தாள் உண்டு, சிறு யூனிட்டுகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமானவரி விதியின்படி, கெடு தாண்டிய தொகையை வாங்குபவர் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அவர்கள் கணக்காளருக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் சிறு தொழில்களுக்கு அரசு தரும் உங்கள் உத்யம் பதிவு எண் பில்லில் இருந்தால்தான் அவர் கண்ணில் படும். எங்கள் ஷீட் பில் தேதியை வைத்து நாள் எண்ணுகிறது. கெடு நெருங்கும் பில்களின் பட்டியல் தினமும் காலையில் எனக்கு மின்னஞ்சலாக வருகிறது.

கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் தானாகப் போகும்படி செய்யவில்லை. அதிகாரபூர்வமற்ற மென்பொருள் வைத்து மொத்தமாகச் செய்தி அனுப்பினால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். அந்த எண்ணில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே ஓர் இணைப்பு இருக்கிறது. தொட்டால் பில் எண், தொகை, நாள் எல்லாம் நிரம்பிய செய்தியோடு வாட்ஸ்அப் திறக்கும். இங்கே செய்தி தமிழிலேயே இருக்கலாம், என்கோட்யுஆர்எல் ஃபார்முலா அதை மாற்றிக்கொடுக்கும். படித்துப் பார்த்து, யாருக்கு இன்று அனுப்பலாம், யாரிடம் போனில் பேசினால் நல்லது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்கிறார்.

ஷீட்டின் பிரதி ஒன்றை மாதந்தோறும் தனியே எடுத்து வைக்கிறோம். எந்தத் தாள் என்ன செய்கிறது என்பதை மாஸ்டரின் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நான் ஊரில் இல்லாத வாரமும் சம்பளம் நிற்கக் கூடாது. அடுத்து நூல் கோன், ஊசி இருப்பை இதில் சேர்க்கும் வேலை நடக்கிறது.